உன்னோடு நடக்கிறேன்



நடையில் நான் வேகக்காரன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் ஏற்பட்ட பழக்கம் அது. மணி அடிக்கும் முன்னே வகுப்பில் இருக்க வேண்டும் என்ற அவசரம் காலில் குடியேறியது. ஓய்வு பெற்ற பிறகும் இறங்கிப் போகவில்லை. ஞாயிறு காலையில் கோவிலுக்குப் புறப்பட்டால் நான் தெருமுனையில் நிற்பேன். என் மனைவி அப்போதுதான் வாயிற்கதவைப் பூட்டிக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் நின்றால் என்ன?" என்று அவள் கேட்பதும், "நீ சற்று எட்டி நடந்தால் என்ன?" என்று நான் கேட்பதும் எங்கள் வீட்டில் நாற்பதாண்டு வழக்கம். இதில் என் பக்கம் ஒரு குறை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு ஜெர்மன் சொற்றொடரைக் கற்ற பிறகே தோன்றிற்று.

அறுபத்தாறு வயதில் உமக்கு ஜெர்மன் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. சொல்கிறேன்.

என் இளைய மகள் செவிலியர் பட்டம் பெற்றவள். ஜெர்மனியில் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் செவிலியர் பற்றாக்குறை மிகுதி என்பதும், நம் நாட்டுப் பெண்கள் பலர் அங்குச் செல்கிறார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஐரோப்பிய மொழிகளைக் கற்போரின் தேர்ச்சியை ஏ 1 முதல் சி 2 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். செவிலியராக அங்கீகாரம் பெற, பெரும்பாலும் நான்காம் படியாகிய பி 2 கேட்கப்படுகிறது. பகலில் மருத்துவமனையில் வேலை, மாலையில் மொழி வகுப்பு, இரவில் வீட்டுப் பாடம் என்று என் மகள் ஓராண்டுக்கு மேல் உழைத்தாள்.

தேர்வு முடிவு வந்த அன்று அவள் நேரே அடுப்பங்கரைக்குப் போய்த் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பி 2 தேர்வில் நான்கு பகுதிகள்: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். மூன்றில் தேறியிருந்தாள், கேட்டலில் தேறவில்லை.

அப்பொழுது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மூன்றில் தேறினாயே, அம்மா!" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதோ வேறு. "உன்னோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். நீ மட்டும் பின்தங்கிவிட்டாய்" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து கூடத்திற்கு வந்தேன். மேசையின் மேல் அவளுடைய பாடக் குறிப்பேடு திறந்தபடி கிடந்தது. நான் அதுவரை அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. பக்கத்திற்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தங்கள். ஜெர்மன் சொல்லின் எதிரே தமிழில் உச்சரிப்பு, அதன் எதிரே பொருள். ஒரு பக்கத்தில் ஒரே சொற்றொடரைப் பத்து முறை எழுதியிருந்தாள்: 'ஷ்ரிட் ஹால்ட்டன்'. எதிரே, "ஈடுகொடுத்து நடத்தல், மற்றவரோடு சேர்ந்து செல்லுதல்" என்று பொருள். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், "என்னால் முடியவில்லை" என்று தமிழில் இருந்தது.

மறுநாள் அவளிடம் போய், "எனக்கும் இந்த மொழியைச் சொல்லிக் கொடு" என்றேன். கேலி செய்கிறேன் என்று முதலில் நினைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வயது முதிர்ந்தபின் பிள்ளையிடம் பாடம் கேட்பதில் வெட்கம் இருக்கத்தான் செய்தது. அப்போது ஒரு ஜெர்மானியரை நினைத்துக்கொண்டேன். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர், முதலில் சிறுவர்களின் வேகத்திற்கு இறங்கி வந்தார். அவர் நம் மொழிக்காகத் தரையில் அமர்ந்தார். நான் அவர் மொழிக்காக நாற்காலியில்தானே அமர்கிறேன்!

முதலில் அந்தச் சொற்றொடரையே சொல்லிக் கொடு என்று கேட்டேன். 'ஷ்ரிட்' என்றால் காலடி. எடுத்து வைக்கும் ஓர் எட்டு. 'ஹால்ட்டன்' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்தால் 'எட்டைப் பிடித்தல்'; அதாவது பக்கத்தில் நடப்பவரின் அடியோடு நம் அடியும் பொருந்துமாறு விடாது நடத்தல். படைவீரரின் அணிநடைக்கும் இது பொருந்தும்; காலத்தோடு முன்னேறுவதற்கும், விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் உயர்வதற்கும் இதையே வழங்குகிறார்கள்.

காலடி என்னும் இந்தச் சிறு சொல்லுக்கு அந்த மொழியில் பெரிய குடும்பம் இருக்கிறது. முன்னேற்றத்துக்குப் பெயர் 'ஃபோர்ட்ஷ்ரிட்', அதாவது மேலே வைத்த அடி. பிற்போக்கு 'ர்யூக்ஷ்ரிட்', பின்னே வைத்த அடி. சிறிது சிறிதாக என்பதற்கு 'ஷ்ரிட் ஃப்யூர் ஷ்ரிட்', அடிக்கு அடி. ஒரு தேசத்தின் முன்னேற்றமானாலும் குழந்தையின் தளர்நடையானாலும் அளவுகோல் அதே காலடிதான்.

'ஹால்ட்டன்' என்ற வினையோ என்னை இன்னும் அதிகமாக வியக்க வைத்தது. பிடித்தல் என்பதோடு, நிற்றல், நிறுத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. பேருந்து நிற்குமிடத்திற்கு 'ஹால்ட்டெஷ்டெல்லெ' என்று பெயர். எட்டைப் பிடிப்பதற்கும் ஓட்டத்தை நிறுத்துவதற்கும் ஒரே வினைச்சொல்!  என் மனைவி நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதுவன்றோ? சேர்ந்து நடக்க வேண்டுமானால் சில வேளைகளில் நிற்கவும் வேண்டும்.

அடுத்தது இலக்கணம். "உன்னோடு ஈடுகொடுத்து நடக்கிறேன்" என்பதை ஜெர்மனில், 'இஹ் ஹால்ட்டெ மிட் டிர் ஷ்ரிட்' என்று சொல்ல வேண்டும். 'மிட்' என்றால் 'ஓடு', 'உடன்'. அந்த மொழியில் வேற்றுமைகள் நான்கு. 'மிட்' வந்தால் அடுத்து வரும் பெயர் மூன்றாம் வேற்றுமையில் நிற்க வேண்டும் என்றாள் மகள். "மூன்றாவதா? நன்றாகப் பார்த்துச் சொல்" என்றேன். மூன்றாவதுதான். நம் இலக்கணத்தில் 'ஆல், ஆன், ஒடு, ஓடு' என்பவை மூன்றாம் வேற்றுமை உருபுகள். அவற்றுள் 'ஒடு', 'ஓடு' உடனிகழ்ச்சிப் பொருள் தருவன. "தாயொடு குழந்தை வந்தது" என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இரு மொழிகளுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் அங்கும் இங்கும் துணையோடு செல்வதற்கு உரிய இடம் மூன்றாவதாக அமைந்தது கண்டு ஒரு பழைய நண்பரைச் சந்தித்தது போல் மகிழ்ந்தேன்.

அந்த வாக்கியத்தின் அமைப்பையும் பாருங்கள். 'பிடிக்கிறேன்' முதலில் வருகிறது. 'அடி' கடைசியில் வருகிறது. இடையில் இருப்பது 'உன்னோடு'. பிடிப்பதற்கும் அடி வைப்பதற்கும் நடுவே துணைவர் நிற்கிறார். அவரை விட்டுவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டு போக அங்கே வழியில்லை.

சில நாட்கள் சென்றபின், கேட்டல் தேர்வில் ஏன் தவறினாள் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்ன காரணம் என்னைச் சிந்திக்க வைத்தது. வகுப்பில் ஆசிரியை அடிக்கடி, 'கொம்மன் ஸீ மிட்?' என்று கேட்பாராம். 'நீங்களும் கூட வருகிறீர்களா?' என்பது நேர்ப்பொருள். கடைவீதிக்குக் கிளம்பும்போது கேட்டால் அந்தப் பொருள்தான். வகுப்பில் கேட்டாலோ, 'சொல்வது விளங்குகிறதா?' என்று பொருள். பாடம் விளங்கவில்லை என்பதை அந்த மொழியில், 'நான் கூட வரவில்லை' என்று சொல்கிறார்கள்.

"நீ என்ன பதில் சொல்வாய்?" என்றேன்.

"எல்லாரும் 'யா' என்பார்கள், அப்பா. நானும் 'யா' என்பேன்."

'யா' என்றால் 'ஆம்'. முதல் வாரத்தில் விளங்காத ஒன்றுக்கு வெட்கப்பட்டு 'ஆம்' என்றாள். மறுவாரம் அதன்மேல் கட்டப்பட்ட பாடமும் விளங்கவில்லை, அதற்கும் 'ஆம்'. இரவுப் பணி பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு, ஒலிநாடாவில் ஒரே ஒரு முறை ஓடிப்போகும் பேச்சைப் பின்தொடர இயலவில்லை. கூட வராதவள் கூட வருவதாகச் சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் பின்னே நின்றிருக்கிறாள். அன்பர்களே, நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இப்படி 'ஆம்' என்கிறார்கள்! 'இல்லை' என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். என் மகளுக்கும் தெரிந்திருந்தது. அவள் தந்தை வேகக்காரன் அல்லவா?

பின்தங்கியவரைக் குறிக்க ஜெர்மனிலும் கசப்பான சொற்கள் உண்டு. தேர்ச்சி பெறாமல் மீண்டும் அதே வகுப்பில் படிக்கும் மாணவனை, 'உட்கார்ந்துவிட்டான்' என்பார்கள். மற்றவர்கள் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போக, அவன் மட்டும் பலகையில் அமர்ந்திருக்கிற காட்சி அந்தச் சொல்லில் இருக்கிறது. மாலை நேரத் தனிப்பாடத்திற்கு 'நாஹ்ஹில்ஃபெ' என்று பெயர். பின்னால் வரும் உதவி என்று பொருள். உதவி முன்னாலேயே வந்திருக்கலாம் அல்லவா என்று ஓர் ஆசிரியனாகக் கேட்கத் தோன்றுகிறது.

இந்த நாட்களில் அவள் எனக்கு ஒரு கதை சொன்னாள். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பில், 1843-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த கதை இது. வடஜெர்மனியில் புக்ஸ்டெகூடெ என்னும் ஊரருகே நடப்பதாகச் சொல்வது. நம் ஆமை முயல் கதையைப் போலத் தொடங்கும்; ஆனால் போகும் வழி வேறு. முள்ளெலியின் வளைந்த கால்களைப் பார்த்து முயல் ஏளனம் செய்கிறது. முள்ளெலி பந்தயத்துக்கு அழைக்கிறது. உழுத வயலின் இரண்டு சால்களில் இருவரும் ஓட வேண்டும். முள்ளெலி வீட்டுக்குப் போய்த் தன் மனைவியை அழைத்து வந்து சாலின் மறுமுனையில் உட்கார வைக்கிறது. இருவரும் பார்க்க ஒன்று போலவே இருப்பர். முயல் பாய்ந்தோடி மறுமுனையை அடைந்தால், அங்கிருக்கும் மனைவி தலையை நீட்டி, தான் ஏற்கெனவே வந்துவிட்டதாகச் சொல்கிறாள். திரும்பி ஓடினால் இந்த முனையில் கணவன். விளங்காத முயல் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. எழுபத்து மூன்று முறை ஓடி, எழுபத்து நான்காம் முறை நடுவயலில் விழுந்து உயிர் விடுகிறது.

சிறுவர்கள் இதைக் கேட்டு முள்ளெலியின் சாமர்த்தியத்தைப் பாராட்டிச் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏளனம் செய்தது முயலின் குற்றமே. ஆனாலும் அது தோற்றது காலில் வலுவில்லாமல் அன்று. இல்லாத ஒருவனோடு ஓடியதால் தோற்றது. ஒருவன் என்று அது நினைத்தவர் இருவர்.

நாம் பிள்ளைகளுக்குச் செய்வதும் இதுவே. கணக்கில் எதிர்வீட்டுப் பையனைப் பார் என்கிறோம். ஆங்கிலத்தில் அண்ணன் மகளைப் பார் என்கிறோம். வீட்டு வேலையில் பக்கத்துத் தெருப் பெண்ணைப் பார் என்கிறோம். ஒரே பிள்ளையைச் சாலுக்குச் சால் வெவ்வேறு முள்ளெலிகளோடு ஓட விடுகிறோம். எந்த முனைக்குப் போனாலும் ஒருவர் முன்கூட்டியே அங்கு இருக்கிறார். "உன்னோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள்" என்று நான் சொன்னேனே, அந்த 'எல்லாரும்' யார்? விசாரித்தபோது, முப்பது பேரில் ஒன்பது பேர்தான் போயிருந்தனர். அவர்களுள் நால்வர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படித்தவர்கள். இதைக்கூடக் கேட்டறியாமல் என் மகளை எழுபத்து நான்காம் ஓட்டத்திற்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் மாலைதோறும் கேட்டல் பயிற்சிக்கு அமர்ந்தோம். எனக்காக அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. "கூட வருகிறீர்களா, அப்பா?" என்று கேட்பாள். "இல்லை, அம்மா. மறுபடி போடு" என்பேன். எனக்கு வெட்கம் இல்லை. நான் தேர்வு எழுதப் போவதில்லையே. ஒரு மாதம் கழிந்தபின் ஒருநாள் நான் விளங்கிவிட்டதாகத் தலையசைத்தபோது, "எனக்கு விளங்கவில்லை, அப்பா. மறுபடி போடுகிறேன்" என்றாள் அவள். என் வீட்டில் அந்த வார்த்தையை முதன்முறையாகக் கேட்டேன். அது எனக்கு எந்தத் தேர்வு முடிவையும் விட இனிமையாக இருந்தது.

அந்தத் தேர்வில் தவறிய பகுதியை மட்டும் தனியே மறுமுறை எழுதலாம். எழுதினாள், தேறினாள். இன்று அவள் மேற்கு ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் உள்ள ட்ரியர் நகரில் ஒரு மருத்துவமனையில் பணி செய்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். இப்போதும் ஒரு புதுச் சொல் எனக்குக் கிடைக்கும்.

ஒரு வாரம், தான் குடியிருக்கும் தெருவின் முனையில் இருக்கும் ஒரு நீலப் பலகையைப் பற்றிச் சொன்னாள். பெரியவர் ஒருவர், பந்தாடும் குழந்தை, ஒரு வீடு, ஒரு மோட்டார் வண்டி ஆகியவை அதில் வெள்ளையாகத் தீட்டப்பட்டிருக்குமாம். 1980-இல் அந்நாட்டுப் போக்குவரத்து விதிகளில் சேர்ந்த பலகை அது. அப்படிப்பட்ட தெருவில் நடப்பவர்கள் தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம். குழந்தைகள் எங்கும் விளையாடலாம். வண்டி 'ஷ்ரிட்' வேகத்தில், காலடி வேகத்தில்தான் போக வேண்டும். தேவையானால் நின்று காத்திருக்கவும் வேண்டும். சட்டம் அங்கே மைல் கணக்கோ கிலோமீட்டர் கணக்கோ குறிப்பிடவில்லை. நடக்கிற மனிதனின் அடியே அளவு. இந்த வேகத்திற்கு 'ஷ்ரிட்டெம்போ' என்று பெயர். முன்பு அதில் இரண்டு டகர எழுத்துகள் இருந்தன. 1996-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் மூன்றை வரிசையாக எழுதுகிறார்கள். பார்த்தாலே நிதானமாகப் போகத் தோன்றும் சொல்!

அன்பர்களே, இங்கே எனக்கு ஒரு வேறுபாடு விளங்கிற்று. 'ஷ்ரிட் ஹால்ட்டன்' என்று பேசும்போது உலகம் பின்தங்கியவரைப் பார்த்தே பேசுகிறது: "நீ எட்டிப் பிடி" என்கிறது. அந்த நீலப் பலகையோ விரைபவனைப் பார்த்துப் பேசுகிறது: "நீ இறங்கி வா" என்கிறது. இரண்டிலும் உள்ளது அதே காலடிதான். வலியவன் தன் வேகத்தைக் குறைக்க வேண்டிய தெருக்கள் உண்டு என்பதை அந்த நாடு சட்டமாகவே எழுதியிருக்கிறது. குடும்பமும் அத்தகைய ஒரு தெருவன்றோ? அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள்; முதியவர்கள் நடுவழியில் நடக்கிறார்கள்.

மருத்துவமனையில் அவள் முதன்முதலில் கற்றதும் நடையைப் பற்றியதே. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட ஒரு மூதாட்டியை நடக்கவைக்க வேண்டியிருந்தது. சக்கரங்களும் கைப்பிடியும் கொண்ட நடைவண்டியைப் பிடித்தபடி அவர் நிற்க, இவள் பக்கத்தில் நின்று, 'ஷ்ரிட் ஃப்யூர் ஷ்ரிட்' என்று சொன்னாளாம். படுக்கையிலிருந்து கதவு வரை போக நெடுநேரம் ஆயிற்று. "முன்னே நின்று இழுத்தால் விழுந்துவிடுவார்கள், அப்பா. பின்னே நின்று தள்ளினாலும் விழுந்துவிடுவார்கள். பக்கத்தில்தான் நடக்க வேண்டும்" என்றாள். நான் பேசவில்லை. முன்னே நின்று இழுத்தவனும் பின்னே நின்று தள்ளியவனும் நான்தானே.

அவளுடைய பிரிவில் இதயநோயாளரும் உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிக்கு ஜெர்மனில் 'ஹெர்ட்ஸ்ஷ்ரிட்மாஹர்' என்று பெயர். இதயத்துக்கு அடி வகுத்துக் கொடுப்பது என்பது பொருள். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், முற்றிலும் உடலுக்குள்ளேயே வைக்கத்தக்க அக்கருவி முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கருவியை அமைத்தவர் பொறியாளர் எல்ம்குவிஸ்ட். பொருத்தியவர் மருத்துவர் சென்னிங். முதற்கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆயினும் நோயாளியாகிய ஆர்னே லார்சன், கருவி மாற்றிக் கருவியாகப் பல பொருத்தப்பெற்று, 86 வயது வரை வாழ்ந்து 2001-இல் மறைந்தார்.

இக்காலத்துக் கருவிகளின் இயல்பு ஒன்றை மகள் விளக்கினாள். அவை இதயத்தை ஓயாமல் விரட்டிக்கொண்டிருப்பதில்லை. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்திருக்கும். துடித்தால் சும்மா இருக்கும். துடிப்பு தாமதிக்கும்போது மட்டும் மெல்லிய ஒரு தூண்டுதல் தரும். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதைவிட நல்ல பாடம் வேறு உண்டோ? கவனித்திருத்தல், இயல்பாக நடக்கும்போது குறுக்கிடாதிருத்தல், தாமதிக்கும் வேளையில் மெல்லத் தூண்டுதல்.

கடைசியாக ஒன்று. ட்ரியருக்கு அருகே எல்லையைக் கடந்தால் லக்சம்பர்க் நாட்டின் எக்டர்நாஹ் என்னும் ஊர் உள்ளது. 739-இல் மறைந்த புனித வில்லிப்ரோர்டின் கல்லறை அங்கே இருக்கிறது. தூய ஆவிப் பெருவிழாவை அடுத்த செவ்வாய்க்கிழமை ஆண்டுதோறும் அங்கு ஒரு பவனி நடைபெறும். துள்ளல் பவனி என்பது அதன் பெயர். மக்கள் வரிசை வரிசையாக நின்று, பக்கத்தில் இருப்பவரோடு வெள்ளைக் கைக்குட்டையின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, ஒரே இசைக்கு இடமும் வலமுமாகத் துள்ளித் துள்ளிக் கோவிலுக்குப் போகிறார்கள். 2010-இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

முற்காலத்தில் மூன்றடி முன்னே, இரண்டடி பின்னே என்று இப்பவனி நடந்ததாகச் சொல்வர். இன்று பின்வாங்குவதில்லை. ஆனாலும் நத்தை வேகத்தில் நகரும் காரியத்தை ஜெர்மானியர், 'எக்டர்நாஹ் துள்ளல் பவனி' என்று இன்றும் கேலியாகச் சொல்கிறார்கள். என் மகள் பங்குக் குழுவோடு போய் அதில் கலந்துகொண்டாள். அவளுடைய கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் எழுபது வயது கடந்த ஒரு பெண்மணி. "நான் வேகமாகத் துள்ளினால் கைக்குட்டை இழுத்துக் காட்டிவிடும், அப்பா. அவர் களைத்தால் அதுவே தளர்ந்து சொல்லிவிடும்" என்றாள். உலகம் கேலி செய்கிற அந்த மெதுநடையில், ஒருவரும் கைவிடப்படாமல் எல்லாரும் கோவில் வந்து சேர்கிறார்கள்.

ஈடுகொடுப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைக்காமல் பின்தங்குகிறவனைத் தட்டி எழுப்பத்தான் வேண்டும். என் மகளும் இரவு பகலாக உழைத்தே தேறினாள். ஆனால் தட்டி எழுப்புமுன், "கூட வருகிறாயா?" என்று ஒருமுறை கேட்போம். 'இல்லை' என்ற பதிலைக் கோபமின்றிக் கேட்டுக்கொள்ளப் பழகுவோம். இம்மாதம் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும்போது, அதில் கையெழுத்துப் போடுமுன், அந்தப் பிள்ளையின் குறிப்பேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். சிறிய எழுத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கலாம்.

சென்ற ஞாயிறு கோவிலுக்குப் புறப்பட்டோம். பழக்கத்தால் கால் முன்னே போயிற்று. தெருமுனைக்குப் போகுமுன் நினைவு வர, நின்றேன். பூட்டைச் சரிபார்த்துவிட்டு வந்த என் மனைவி, நான் எதையோ மறந்துவிட்டு நிற்பதாக எண்ணி, "என்ன, கண்ணாடியை எடுக்கவில்லையா?" என்று கேட்டாள்.

"எடுத்திருக்கிறேன். உனக்காகத்தான் நின்றேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு இருவரும் நடந்தோம். அவளுக்கு முழங்கால் வலி இருப்பதும், வலக்காலைச் சற்றுச் சாய்த்தே வைக்கிறாள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் மணி அடிக்கும்போது வழக்கமாகக் கோவிலுக்குள் இருப்பேன். அன்று இரண்டாம் மணி அடிக்கையில்தான் வாசற்படி ஏறினோம். ஆனால் சேர்ந்து ஏறினோம்.